ஒரு கணினி, இரண்டு இயங்குதளம்: மந்தத்திற்குப் பின்னால் இருக்கும் வரலாறு



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். நம்மில் பலர் வைத்திருக்கும் பத்தாண்டுப் பழைய மடிக்கணினிகளுக்கு அந்தத் தகுதி கிடையாது. அதனால் பழைய விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே லினக்ஸையும் பதிந்துகொள்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பதிந்த சில வாரங்களில் ஒரு புலம்பல் வரும்: “ரெண்டு சிஸ்டம் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, சார்.”

கடைக்குக் கொண்டுபோனால் அங்கே கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பழசு டீச்சர், வேற மாத்திடுங்க.” நன்றாக உழைக்கக்கூடிய ஒரு கணினி அலமாரிக்குப் போகும். கையிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் ரிங்கிட் கரையும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைப் பார்த்துவிடுவோம். இரண்டு இயங்குதளங்கள் பதிந்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றது வட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். நினைவகத்தையோ செயலியையோ அது தொடவே தொடாது. ஆகவே “ரெண்டு இருக்கிறதால பாரம் அதிகம்” என்பது சரியான விளக்கம் கிடையாது.

நம் ஊர்ப் பள்ளிகளின் காலைப் பிரிவையும் மாலைப் பிரிவையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. ஆனால் கட்டடம் ஒன்று, வாயிற்கதவு ஒன்று, சுவர்க்கடிகாரம் ஒன்று. சண்டை வருவது பொதுவாகப் புழங்கும் இந்த இடங்களில்தான். கணினியிலும் அப்படியே. வட்டு, தொடக்க வாயில், கடிகாரம் ஆகியவற்றை இரண்டு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பகிர்வுக்கான விதிகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களால் எழுதப்பட்டவை. எந்த விதி எப்போது வந்தது என்று தெரிந்தால், மந்தம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நான்கு அறைகள் கட்டிய 1983

ஐபிஎம் தன் தனிநபர்க் கணினியை 1981-இல் வெளியிட்டபோது அதில் வன்தட்டு இல்லை. 1983-இல் வந்த பிசி எக்ஸ்டி என்னும் கணினியில்தான் 10 மெகாபைட் வன்தட்டு இடம்பெற்றது. அதோடு வந்த பிசி டாஸ் 2.0, வட்டைப் பாகங்களாகப் பிரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. பார்ட்டிஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 64 பைட்டை மட்டும் பாகங்களின் பட்டியலுக்கு ஒதுக்கினார்கள். ஒரு பதிவுக்கு 16 பைட் என்றால் மொத்தம் 4 பாகங்கள். அந்த நான்கில் ஒன்றுக்கு மட்டும் ‘இதிலிருந்து தொடங்கு’ என்ற குறி இருக்கும். ஒரே வட்டில் டாஸும் வேறொரு இயங்குதளமும் குடியிருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே இருந்தது என்பதைக் கவனியுங்கள். வேறொன்றுக்கு மாற வேண்டுமா? எஃப்டிஸ்க் என்ற மென்பொருளைத் திறந்து, குறியை மாற்றி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இரட்டை இயங்குதளத்தின் பிறப்பு இவ்வளவு எளிமையானது.

அந்த நான்கு அறைக் கணக்கு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆட்சி செய்தது. ஒவ்வொரு பாகமும் எந்த செக்டரில் தொடங்க வேண்டும் என்ற பழக்கமும் டாஸ் காலத்துப் பழக்கம்தான். அதற்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

வாயிலில் நிற்பவர்

ஒவ்வொரு முறையும் குறியை மாற்றுவது யாருக்குத்தான் பிடிக்கும்? 1992-இல் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0, பூட் மேனேஜர் என்ற பட்டியலோடு வந்தது. கணினியைப் போட்டதும் “எதைத் திறக்கட்டும்?” என்று அது கேட்கும். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 தனக்கென ஒரு தொடக்கியைக் கொண்டுவந்தது. லினக்ஸ் பக்கத்தில், வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992-இல் எழுதிய லிலோ இருந்தது. 1995-இல் எரிக் போலின் எழுதத் தொடங்கிய கிரப் பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்று உங்கள் லினக்ஸ் கணினியைத் தொடங்கியதும் தெரியும் பட்டியல் பெரும்பாலும் கிரப் தருவதுதான்.

இங்கேதான் முதல் ‘போலி மந்தம்’ இருக்கிறது. பட்டியல் காட்டும் தொடக்கி நம் பதிலுக்காகக் காத்திருக்கும். விண்டோஸ் என்டி காலத்திலிருந்து விண்டோஸ் பட்டியலின் வழக்கமான காத்திருப்பு 30 வினாடி. கிரப் பட்டியலில் பல லினக்ஸ் வகைகள் 10 வினாடி வைத்திருக்கின்றன. கணினி அந்த நேரத்தில் எந்த வேலையும் செய்வதில்லை. வாயிலில் நிற்கிறது, அவ்வளவுதான். “ஆன் ஆகவே அரை நிமிஷம் ஆகுது” என்று யாராவது சொன்னால், பட்டியல் வந்ததும் உடனே என்டர் விசையைத் தட்டச் சொல்லுங்கள். நேரம் குறைந்தால் காத்திருப்பை 5 வினாடியாக மாற்றிவிடலாம். பணச்செலவு இல்லை.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. இதன் அளவு ஏறக்குறைய துல்லியமாக 1 நிமிடம் 30 வினாடி. 2010-இல் அறிமுகமான சிஸ்டம்டி என்ற பகுதிதான் இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் தொடக்க வேலைகளை நிர்வகிக்கிறது. ஒரு வட்டுப் பாகம் இருக்க வேண்டும் என்று அதன் பட்டியலில் எழுதியிருந்து, அந்தப் பாகம் கிடைக்காவிட்டால், 90 வினாடி காத்துப் பார்க்கும். பாகம் எப்படிக் காணாமல் போகும்? இரண்டாவதாக இன்னொரு லினக்ஸைப் பதியும்போது அது பழைய ஸ்வாப் பாகத்தைப் புதிதாக அழித்து எழுதிவிடும். அறை அதே இடத்தில் இருக்கும். கதவு எண் மாறிவிடும். முதல் லினக்ஸோ பழைய எண்ணைத் தேடிக்கொண்டு 90 வினாடி நிற்கும். தொடங்கும் நேரம் திடீரென்று ஒன்றரை நிமிடம் கூடினால் வன்பொருளைச் சந்தேகிக்காதீர்கள். எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் அந்த எண்ணைத் திருத்தினால் போதும்.

வட்டின் விளிம்பும் 63-ஆம் செக்டரும்

உங்கள் கணினியில் இன்னும் சுழலும் வன்தட்டு இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சுழலும் வட்டில் வெளி விளிம்பின் சுற்றளவு பெரியது; உள்பக்கத்தின் சுற்றளவு சிறியது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமோ இரண்டுக்கும் ஒன்று. வெளிச்சுற்றில் அதிகத் தரவு எழுதப்பட்டிருப்பதால், அங்கே படிக்கும் வேகமும் அதிகம். உள்சுற்றுக்கு வரும்போது வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வட்டின் எண்ணிக்கை வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் பதிந்த விண்டோஸ் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. கடைசியாக வந்த லினக்ஸுக்கு உள்பக்கம் கிடைக்கிறது. ஒரே கணினியில் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் இருப்பதற்கு இது ஓர் இயல்பான காரணம். எந்த மென்பொருளின் தவறும் இதில் இல்லை.

இப்போது அந்தப் பழைய டாஸ் பழக்கத்துக்கு வருவோம். அக்கால முறைப்படி ஒரு தடத்துக்கு 63 செக்டர் என்று கணக்கு. அதனால் முதல் பாகம் 63-ஆம் எண் செக்டரில் தொடங்கும். விண்டோஸ் எக்ஸ்பி வரை இதுதான் வழக்கம். 512 பைட் செக்டர் இருந்தவரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

2009-ஆம் ஆண்டின் கடைசியில் 4096 பைட் செக்டர் கொண்ட வட்டுகள் கடைக்கு வரத் தொடங்கின. 2011 தொடக்கத்தில் வட்டுத் தயாரிப்பாளர்கள் அனைவரும் புதிய மாதிரிகளில் இந்த அளவுக்கு மாறுவது என்று முடிவு செய்திருந்தார்கள். 4096 என்பது 512-இன் எட்டு மடங்கு. ஆனால் 63 எட்டால் வகுபடாது! இதன் விளைவைக் கோடு போட்ட நோட்டுப்புத்தகத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு எழுத்தையும் கோட்டின் மேல் பாதியும் கீழ் பாதியுமாக எழுதினால், ஒரு வரியைத் திருத்த இரண்டு வரிகளை அழிக்க வேண்டும். வட்டும் அப்படித்தான். ஒரு சிறு துண்டை எழுத, இரண்டு செக்டர்களைப் படித்து, திருத்தி, மறுபடி எழுதும். எழுதும் வேலை எல்லாமே இழுத்துக்கொண்டு போகும்.

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து பாகங்கள் 2048-ஆம் செக்டரில் தொடங்குகின்றன. 2048 எட்டால் வகுபடும், சிக்கல் தீர்ந்தது. ஆனால் எக்ஸ்பி காலத்தில் பிரித்த வட்டின் பாகங்களை அப்படியே புதிய வட்டுக்கு நகலெடுத்திருந்தால் அந்த 63 கூடவே வந்திருக்கும். எஸ்எஸ்டிக்கு மாற்றினாலும் அது விடாது. பாகம் எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டு இயங்குதளங்களிலும் பார்க்கலாம். செக்டர் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பூட்டாமல் போன வகுப்பறை

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தது. அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருந்தது. ‘ஷட் டவுன்’ அழுத்தினால் விண்டோஸ் முழுமையாக மூடாது. தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகும். மறுநாள் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே இயங்குதளம் வைத்திருப்பவருக்கு இது நல்ல வசதி.

இரண்டு வைத்திருப்பவருக்கோ இது தலைவலி. காலைப் பிரிவு ஆசிரியர் வெண்பலகையில் பாதிக் கணக்கை எழுதிவிட்டு, “அழிக்காதே, நாளைக்குத் தொடருவேன்” என்று எழுதி வைத்துப் போனால் மாலைப் பிரிவு என்ன செய்யும்? லினக்ஸும் விண்டோஸ் பாகத்தைப் பார்த்து, இது இன்னும் திறந்தே இருக்கிறது என்று புரிந்துகொள்ளும். படிக்க மட்டும் அனுமதிக்கும், இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும். “நேத்து சேமிச்ச கோப்பு திறக்குது, ஆனா சேவ் பண்ண முடியல” என்ற புகார் இதிலிருந்துதான் பிறக்கிறது. வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதினால், விண்டோஸ் அடுத்த முறை எழும்போது வட்டுச் சோதனையில் இறங்கும். கோப்புகள் கெடவும் கூடும்.

தீர்வு எளிது. விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. லினக்ஸுக்குப் போகும்முன் ‘ஷட் டவுன்’ வேண்டாம், ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பெயரைப் பார்த்தால் விந்தையாக இருக்கும், ஆனால் ரீஸ்டார்ட்தான் விண்டோஸை முழுமையாக மூடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவது

என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 1993-இல் விண்டோஸ் என்டியோடு பிறந்தது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாப்ட் முழுமையாக வெளியிடவில்லை. லினக்ஸ் நிரலாளர்கள் ஆராய்ந்து ஆராய்ந்துதான் அதைக் கற்றார்கள். அதில் தாராளமாக எழுத உதவிய என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருளின் நிலையான பதிப்பு 2007-இல்தான் வந்தது. அது இயங்குதளத்தின் கருவுக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு கோரிக்கையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய் வருவதால் செயலிக்கு வேலை கூடும். பின்னர் பாராகான் என்ற நிறுவனம் தந்த நிரல், 2021 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.15 கருவுக்குள்ளேயே சேர்ந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்: லினக்ஸில் இருந்துகொண்டு, விண்டோஸ் பாகத்தில் உள்ள பெரிய காணொளியை அங்கேயே வைத்துத் திருத்தாதீர்கள். லினக்ஸின் சொந்தப் பாகத்துக்கு நகலெடுத்து வேலை செய்யுங்கள். முடித்ததும் திருப்பி வையுங்கள். பொதுப் பாகம் கோப்புகளைக் கைமாற்றும் மேசையாக மட்டும் இருக்கட்டும்.

எட்டு மணி நேரம்

தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி நேரம் முந்திய நேரத்துக்கு மாறின. அதற்குமுன் வேறுபாடு ஏழரை மணி நேரமாக இருந்தது. இந்த 8-ஐ நினைவில் வையுங்கள்.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் மின்கலத்தில் ஓடும் கடிகாரச் சில்லு இருந்தது. டாஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைத்தது. விண்டோஸும் அதையே தொடர்ந்தது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸோ, கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருக்கட்டும், காட்டும்போது கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறது. சுவர்க்கடிகாரம் ஒன்று, அதைப் படிக்கும் முறை இரண்டு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் 8 மணி பின்தங்கும்.

இது எப்படி மந்தமாகும் என்று கேட்கலாம். அன்று காலை புதுப்பிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ் கொண்ட இணையத்தளம், பின்தங்கிய கணினிக்கு இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தெரியும். உலாவி உள்ளே விடாது. கோப்புகளின் நேரம் முன்பின்னாகி, எது கடைசியாகத் திருத்திய வினாத்தாள் என்ற குழப்பம் வரும். பயனருக்கு இதெல்லாம் “லைன் ஸ்லோ” என்றே படும். கணினியின் நேரம் சரியாக 8 மணி தவறியிருந்தால் மின்கலத்தை மாற்ற ஓடாதீர்கள். கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று லினக்ஸிடம் ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம்.

எப்போதாவது வகுப்புக்கு வரும் மாணவர்

இரண்டு மாதம் வராத மாணவர் ஒருநாள் வந்தால், விட்டுப்போன பாடம், கையெழுத்து, கட்டணம் எல்லாம் அன்றைக்கே வந்து நிற்கும். எப்போதாவது திறக்கும் இயங்குதளமும் இப்படித்தான். தேர்வு மதிப்பெண் பதிவதற்காக மட்டும் விண்டோஸைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அது உடனே புதுப்பிப்புகளை இறக்கும், நச்சுநிரல் சோதனை செய்யும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும். சுழலும் வட்டென்றால் அது முழுநேரமும் திணறும். வாரம் ஒருமுறை, பாடம் இல்லாத நேரத்தில், அரைமணி நேரம் திறந்து வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும்.

இடமும் முக்கியம். 256 ஜிகாபைட் எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது பாதிதான். எஸ்எஸ்டி தன் உள்வேலைக்கே காலி இடத்தை நம்பியிருக்கிறது. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். எந்தப் பாகத்தையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில், மந்தம் எங்கே என்று பிரித்தறியுங்கள். இரண்டிலுமே மெதுவா, ஒன்றில் மட்டுமா? இரண்டிலும் என்றால் வட்டின் உடல்நலம், நினைவகம், வெப்பம் ஆகியவற்றைப் பாருங்கள். அப்போது கடைக்காரர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஒன்றில் மட்டும் என்றால் வன்பொருளைக் கைகாட்ட அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, எப்போது மெதுவாகிறது? தொடங்கும்போது மட்டும் என்றால் காத்திருப்பு வினாடிகளை எண்ணுங்கள்: 10, 30, 90 என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எழுதும்போது மட்டும் என்றால் செக்டர் எண்ணையும் காலி இடத்தையும் பாருங்கள். மற்ற இயங்குதளத்தின் கோப்பைத் தொடும்போது மட்டும் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். நெடுநாள் கழித்துத் திறந்தபோது மட்டும் என்றால் பொறுமை போதும்.

ஓர் எச்சரிக்கை. பாகங்களைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் பாகம் பிட்லாக்கர் வழியாகப் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம். அப்போது கையில் இல்லையென்றால் கோப்புகளுக்கு வழியில்லை.

வகுப்பறைக்கு

இடைநிலை மாணவர்களுக்குக் காரண காரியத் தொடர்பை விளக்க இந்த வரலாறு நல்ல பொருள். ‘63-ஆம் செக்டர்’, ‘எட்டு மணி நேரம்’, ‘மூடாத விண்டோஸ்’ ஆகிய மூன்றையும் மூன்று குழுக்களுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதட்டும்: இந்த முடிவை எடுத்தபோது அது ஏன் நியாயமாக இருந்தது? பின்னால் என்ன மாறியது? அந்த மாற்றத்தால் இன்று யாருக்குத் தொல்லை? முதல் கேள்விக்குத்தான் கூடுதல் நேரம் கொடுங்கள். 1983-இல் வாழ்ந்தவர்களை முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போகிற பதில்கள் கட்டாயம் வரும். அவற்றைத் திருப்பிக் கொடுத்து, 10 மெகாபைட் வட்டு வைத்திருந்தவரின் இடத்தில் நின்று மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.

பள்ளியில் ஓரமாகக் கிடக்கும் பழைய கணினி ஏதாவது இருந்தால், வெளியே தள்ளும்முன் மேலே சொன்ன வரிசையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.